தூண்டிற்காரன் சும்மா இருக்கிறானா?

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் ஒரு பையன் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகம் ஒன்றும் பார்க்காமல் வீட்டோடு தங்கிவிட்டானானால், அவனைப் பற்றி விசாரிக்க வருகிற பந்துக்களுக்குத் தகப்பனார் சொல்லுகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "புழையிலே தூண்டில் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்." அந்தப் பையன் தன் ஆயுளில் ஒரு நாளாவது தூண்டிற்கழியைத் தொட்டிருக்கவேண்டும் என்கிற அவசியம்கூட இல்லை, சோம்பலுக்கு அது ஒரு பரியாயச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. மலையாளம் பேசுகிறவர்கள் 'சூண்ட' என்பார்கள், தமிழ் பேசுகிறவர்கள் 'தூண்டில்' என்பார்கள். அதைத் தவிர இந்த அபிப்பிராயத்தில் இரண்டு பாஷைக்காரர்களுக்கும் எள்ளளவும் பேதம் கிடையாது.

வலை வீசுகிறவன் உழைக்கிறான், குளத்தை ஏலத்துக்கு எடுத்துக் குஞ்சு விட்டு வளர்க்கிறவன் முதல் போடுகிறான், தூண்டில் பிடிக்கிறவனோ மீன் தானாக வந்து மாட்டுமென்று கரையிலே காத்துக் கிடக்கிறான். மாட்டினால் அவன் அதிர்ஷ்டம், மாட்டாவிட்டால் பொழுது போயிற்று, இடையிலே அவன் செய்வதற்கென்று ஒரு காரியமும் இல்லை என்பதே அந்த அபிப்பிராயத்தின் சாரம். இப்படிப் பேசுகிறவர்களில் நன்றாகக் கற்றவர்கள் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே கரையில் தூண்டிலைக் கொண்டு வீட்டுக்குக் குழம்பு தேடியவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. அவர்கள் யாரிடத்திலும் எனக்கு விரோதம் இல்லை. ஆயினும் அவர்களுடைய அபிப்பிராயம் அடியோடு பிழையானது என்பதும், அந்தப் பிழை இந்த ஆற்றுக்கே தீங்கு செய்து வருகிறது என்பதும் என் கட்சி.

நான் சொல்லுகிற ஆறு, ஆனைமலையிலிருந்து ஆழியாறும் பாலாறுமாக இறங்கி, மணக்கடவைத் தாண்டி மூலத்தறையில் கால்வாய்களுக்குப் பங்கு கொடுத்து, சித்தூரை அடையும்போது சித்தூர்ப்புழை என்றும் கண்ணாடிப்புழை என்றும் சோகநாசினி என்றும் மூன்று நாமங்களைத் தாங்கி, துஞ்சத்து எழுத்தச்சன் தம் அந்திய காலத்தைக் கழித்த இடமென்று போற்றப்படுகிற குருமடத்தைத் தன் கரையிலே கொண்டு, பறளியில் கல்பாத்திப்புழையோடு கலந்து பாரதப்புழையாகிறது. 1970-ஆம் ஆண்டு மே மாதம் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்படிக்கையின்படி தமிழ்நாடு ஆண்டொன்றுக்கு 725 கோடி கன அடி நீரை மணக்கடவில் இந்த ஆற்றுக்கு விடவேண்டும். ஆகவே இது மழையைப் பார்த்து மட்டும் பெருகி வடிகிற ஆறன்று. ஒரு வாரம் முழங்காலளவு ஓடி, மறு வாரம் திட்டுத் திட்டாகக் கயங்களாய்த் தேங்கி, அதற்கடுத்த வாரம் மதகு திறந்தால் இடுப்பளவுக்கு ஏறிவிடும். நீர் மட்டம் மாறுந்தோறும் மீன் ஒதுங்கும் இடம் மாறும். நேற்று மீன் நின்ற இடம் இன்றைக்குப் பாறையாகத் தலைநீட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஆற்றில் காத்திருந்தே மீன் பிடித்துவிடலாமென்று நினைக்கிறவர், நினைக்கலாமேயொழியப் பிடிக்கமாட்டார்.

என் அப்புச்சி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியானவர். பகலெல்லாம் நிலக்கடலைக் காட்டிலும் சோளக்காட்டிலும் உழைத்துவிட்டு, மாசி பங்குனி மாதங்களில் வெயில் தாழ்ந்த பிறகு, தடுப்பணைக்குக் கீழே தேங்கிக் கிடக்கும் கயம் ஒன்றின் கரைக்கு என்னை அழைத்துக்கொண்டு போவார். அவரிடத்தில் கழி கிடையாது, தக்கை கிடையாது. தேங்காய்ச் சிரட்டையிலே சுற்றிய தங்கூசி, அதன் நுனியில் ஒரு முள், முள்ளுக்கு ஒரு சாண் மேலே கொட்டைப்பாக்கில் பாதியளவுக்கு ஓர் ஈயக் குண்டு. இவ்வளவே அவருடைய ஆயுதங்கள். மண்புழுவை முள்ளிலே கோத்துத் தண்ணீரில் இறக்கி, நூலை வலக்கை ஆட்காட்டி விரலின் மேல் படியவிட்டுப் பெருவிரலால் மெல்ல அணைத்துக்கொள்வார். ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு சாண் அளவுக்குச் சுண்டித் தூக்குவார். ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். பிறகு கையும் கூடவே இறங்க, நூல் தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது என்கிற பதத்திலே அதைத் தரைக்கு விடுவார். மறுபடியும் தூக்குவார். நிமிஷத்துக்கு ஐந்தாறு தரமென்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தில் முந்நூறு தரத்துக்குக் குறையாது. இதையெல்லாம் கரைமேல் சைக்கிளில் போகிறவர் பார்த்தால், ஒரு கிழவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஏனென்றால் அசைவு முழுவதும் மணிக்கட்டுக்குக் கீழே நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு நாள் நூலை என் விரலுக்கு மாற்றிக் கொடுத்து, "இப்ப கீழ என்ன இருக்குது, சொல்லு கண்ணு" என்று கேட்டார். "தெரியலீங்க அப்புச்சி" என்றேன். "கண்ணுல பார்க்காத. விரல்ல கேளு" என்றார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பங்குனி முடிவதற்குள் ஈயம் பாறையிலே பட்டால் நகத்தால் தட்டியதுபோல் 'டக்'கென்று விரலுக்கு வருமென்பதும், மணலிலே பட்டால் சத்தமில்லாமல் நிற்குமென்பதும், சேற்றிலே பட்டால் தூக்கும்போது ஒரு கணம் யாரோ கீழிருந்து பிடித்துக்கொண்டு விடுவதுபோல் இருக்குமென்பதும், பாசியிலே பட்டால் கனமே இல்லாமல் ஏதோ கூடவே வருமென்பதும் எனக்குத் தெரிந்துவிட்டன. மீன் கடிப்பது இவை ஒவ்வொன்றுக்கும் வேறானது. பெரும்பாலும் ஈயத்தைத் தூக்கும்போது அது நேருவதில்லை, இறங்கும்போதுதான் நேரும். இறங்கிக்கொண்டிருக்கிற நூல் பாதி வழியிலே கனமற்றுப் போகும். அந்த இடத்தில் சுண்டவேண்டும். ஆரல் கடித்தால் சரசரவென்று நூல் உதறும், கெளுத்தி கடித்தால் ஒரே கனமாக அழுத்தும், கெண்டை கொத்திக் கொத்திப் பார்க்கும். வித்தை என்கிற சொல்லுக்கு ஏதாவது அர்த்தமுண்டானால் இது வித்தை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசத்தை நான் காணவில்லை.

விரால் பிடிக்கிற முறை வேறு. அதற்கு நீளமான மூங்கிற்கழி வேண்டும். கரையோரத்துப் பாசிக்கும் ஆம்பலுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் திறந்திருக்கிற நீரிலே இரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளவிடவேண்டும். தத்தித் தத்திப் போகிற தவளையின் நடை அதிலே வரவேண்டும். விரால் செவுளால் மட்டும் சுவாசித்துப் பிழைக்கிற மீனன்று. தலைக்குள்ளே காற்றைத் தேக்கிக்கொள்ள அதற்கு ஓர் அறை உண்டு, ஆகவே அடிக்கடி மேலே வந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். அந்தக் குமிழியைக் கண்ட இடத்தில் இரையைப் போடுகிறவன் கற்றுக்குட்டி. குமிழி எந்தப் பக்கமாகச் சாய்ந்து மறைந்தது என்று பார்த்து, அந்தத் திசையிலே இரண்டு முழம் தள்ளிப் போடுகிறவன் கை தேர்ந்தவன். கடித்த உடனே சுண்டிவிட்டால் முள் வாயிலே ஏறாது. நீர் வெடித்துச் சிதறி நம் நெஞ்சு படபடக்கிற அந்த க்ஷணத்திலே ஒரு மூச்சு பொறுத்துப் பிறகுதான் சுண்டவேண்டும். அந்த ஒரு மூச்சைப் பொறுக்கக் கற்பதற்கு எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

இந்த அசைவெல்லாம் மனிதனுடைய வீண் பிரயத்தனம் என்று யாராவது சொன்னால், மீனின் சரீரத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரைக்கும் அதன் இரு விலாவிலும் ஒரு கோடு ஓடுகிறது. நீரிலே உண்டாகிற சிறிய சலனத்தையும் மீன் அதனாலே அறிகிறது. கலங்கல் நீரிலும் அந்தி மங்கலிலும் கண்ணுக்கு முன்னே அதற்கு உதவுவது அந்தக் கோடுதான். அப்படியானால் அசையாமல் தொங்குகிற இரைக்கும் சாண் ஏறிச் சாண் இறங்குகிற இரைக்கும் உள்ள பேதம், ஊமைக்கும் கூப்பிடுகிறவனுக்கும் உள்ள பேதமாகிறது.

தூண்டிலைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் வள்ளுவரையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே தூண்டில் வருகிறது என்பது மெய்தான். ஆனால் அந்த உவமையை நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு அங்கே சூதாடி யார் என்பது விளங்கும். சூதிலே கிடைத்த வெற்றி, இரையென்று எண்ணி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பைப் போன்றது என்கிறார் வள்ளுவர். சூதாடுகிறவனுக்கு உவமையாக வந்தது மீன். கரையிலே நிற்கிறவன் அல்லன். இன்னது வருமென்று அறியாமல் வாயைத் திறந்த பிராணிதான் அதிர்ஷ்டத்தை நம்பிற்று. தூண்டிற்காரனோ அதற்கு நேரெதிரான ஸ்தானத்தில், எது நிகழுமென்பதை முன்னமே அறிந்து ஏற்பாடு செய்தவனாக நிற்கிறான். வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவருடைய சாட்சியம் தங்களுக்கே பிரதிகூலமாக முடிந்ததைக் கவனிக்கவில்லை.

பத்துப்பாட்டிலே இன்னும் விரிவான சாட்சியம் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தோற்பையிலே இறைச்சியை இட்டு வைத்துக்கொண்டு, நெடிய மூங்கிற்கழியில் நூல் கட்டி, வளைந்த இரும்பிலே இரையைப் பொதிந்து மீன் பிடிக்கிற பாண்மகன் ஒருவன் வருகிறான். இரையைக் கவர்ந்துகொண்டு முள்ளுக்குத் தப்பிய வாளைமீன் ஒன்று, அதன் பிறகு நீரோரத்துப் பிரம்பின் ஆடுகிற நிழலைக் கண்டும் வெருண்டு ஓடுகிறதாம். ஆசிரியர்கள் இதை உவமை நயத்துக்காகவும் இயற்கை வருணனைக்காகவும் பாராட்டுவார்கள். நான் அதற்கு மேலும் ஒன்றைக் காண்கிறேன். ஒரு தரம் குத்துப்பட்ட மீன் நினைவு வைத்திருக்கும், கழியின் நிழலைக் கழியாகவே கருதும் என்கிற சூக்ஷ்மம், கரையிலே சும்மா இருந்தவர்களிடமிருந்து ஒரு புலவருக்குக் கிடைத்திருக்க முடியாது. மேற்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது என்னைக் கயத்தின் மறுகரைக்குப் போகச்சொல்லி அப்புச்சி கையை ஆட்டுவார். நீரின் மேல் நிழல் விழக்கூடாது என்பதற்காக. அவர் பத்துப்பாட்டைப் படித்தவரல்லர்.

'இதெல்லாம் வறுமையிலே பிறந்த பழைய பழக்கம், வசதியுள்ள தேசத்தார் கையால் நூலைப் பிடித்துக்கொண்டிருக்கமாட்டார்கள்' என்று வேறொரு வாதமும் உண்டு. அமெரிக்காவின் மிஷிகன் மாகாணத்துக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கும் நடுவே டெட்ராய்ட் ஆறு ஓடுகிறது; மோட்டார்த் தொழிலுக்கு உலகப் பிரசித்தி பெற்ற நகரம் அதன் கரையிலேதான் இருக்கிறது. வசந்த காலத்தில் ஈரி ஏரியிலிருந்து வால்ஐ என்னும் மீன் அந்த ஆற்றிலே ஏறுகிறது. பூனைக்கு இருப்பதுபோல் அதற்கும் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி வீசுகிற படலம் உண்டாகையால், மங்கலான நேரத்தில் இரை தேடுவதிலே அது வல்லது. அதைப் பிடிக்க, எந்திரங்களிலே தேர்ந்த அந்த ஜனங்களில் பலர் இன்றைக்கும் செய்வது என்னவென்றால், படகின் விளிம்பிலே பொருத்திய சுருள்வில் உருளையிலிருந்து கம்பியை இறக்கி, அதன் நுனியில் ஒரு ராத்தலுக்கும் மேற்பட்ட ஈயத்தைக் கட்டி, படகு நீரோட்டத்தை எதிர்த்து மெல்ல நகர, வெறுங்கையால் கம்பியை முன்னும் பின்னுமாக வீசி, ஈயம் ஆற்றின் தரையைத் தட்டித் தட்டி எழும்படி செய்வதுதான். ஆழம் காட்டும் கருவிகள் அவர்களுக்குக் கிடைக்காமலில்லை. பாய்ந்தோடுகிற ஆற்றின் அடித்தரையைக் கையைப்போல் அறிவிப்பது வேறொன்றுமில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். சிரட்டையில் சுற்றிய தங்கூசியும் டெட்ராய்ட் ஆற்றுக் கம்பியும் ஒரே வித்தையின் இரண்டு உருவங்கள்.

இனி, பலன் சொற்பம் என்கிற ஆக்ஷேபத்துக்கு வருகிறேன். ஒரு மாலையில் தூண்டிலால் கிடைப்பது ஒரு வீட்டுக் குழம்புக்கு ஆகும், அவ்வளவே. வலைக்காரன் ஒரு வீச்சிலே அள்ளுவதற்கு அது ஈடாகாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு குற்றமாகச் சொல்லுகிறவர்கள் ஆற்றின் நிலையிலிருந்து சற்று யோசிக்கவேண்டும். கொச்சியில் வைத்தியராக இருந்து, சித்தூரும் சேர்ந்திருந்த அந்தச் சமஸ்தானத்தைப் பற்றி 1863-இல் ஒரு நூலும், மலபார் மீன்களைப் பற்றி 1865-இல் ஒரு நூலும் வெளியிட்ட பிரான்ஸிஸ் டே என்பவர், பிற்பாடு இந்தியாவின் நன்னீர் மீன்வளத்தை ஆராய்ந்து 1873-இல் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். மீன் அழிவதற்கு அவர் காரணமாகக் காட்டியவை குஞ்சும் தப்ப முடியாத சிறுகண் வலைகளும், நீரோட்டத்தை மறித்து வைக்கிற பொறிகளும், நீரிலே கலக்கிற விஷமும்தான். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டம் பெயர் சொல்லித் தண்டனை விதித்ததும் வெடிக்கும் விஷத்துக்கும்தான். அதன் பிறகு நூற்றாண்டு கடந்தும் தோட்டா போடுகிறவர்கள் ஒழியவில்லை. பாட்டரியிலிருந்து மின்சாரத்தைக் கயத்திலே பாய்ச்சுகிறவர்கள் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆனி ஆடியில் முதல் வெள்ளத்தோடு சினை மீன்கள் வயலை நோக்கி ஏறிவருகிறபோது, ஊத்தப்பிடித்தம் என்ற பெயரில் வழி மறித்துக் கூடை கூடையாக வாருகிற வழக்கத்தைக் கேரளத்தின் சட்டம் தடுத்திருக்கிறது. தடுத்தபிறகும் அது நடக்கிறது. இவர்கள் எல்லாரையும் இழுப்பது ஒரே எண்ணம்தான்: குறைந்த நேரத்தில் நிறைய மீன். தூண்டிற்காரனைச் சோம்பேறி என்று சொல்லுகிற நாவும் அதே எண்ணத்தைத்தான் உபதேசிக்கிறது. 'சாயங்காலம் பூராவும் உட்கார்ந்து நாலு மீனா?' என்று பரிகசிக்கப்பட்ட பையன் மறுநாள் கழியைப் போட்டுவிட்டுப் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போனதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். தீங்கு என்று நான் முன்னே சொன்னது இதைத்தான்.

அந்தப் பரிகாசத்தால் நாம் இழந்தது இன்னொன்றும் உண்டு. மணற்கொள்ளையைத் தடுக்கக் கேரளத்தில் 2001-இல் சட்டம் செய்தார்கள். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, "முன்னெல்லாம் இங்க ஈயம் சத்தமில்லாம உட்காரும், இப்ப கல்லுல தட்டுது" என்று அப்புச்சி சொல்லிவிட்டார். மணலுக்குள்ளே உடலைப் புதைத்துக்கொண்டு வாழ்கிற ஆரல் அந்தக் கயத்திலிருந்து போய்விட்டதையும் அவர் விரல்தான் முதலில் அறிந்தது. ஆற்றின் அடித்தரையை வாரத்துக்கு மூன்று நாள் சாண் சாணாகத் தட்டிப் பார்த்த மனிதர் ஒருவரிடத்தில், ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று எந்த அதிகாரிக்கும் எந்தப் பண்டிதருக்கும் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற கிழவருக்கு என்ன தெரியப்போகிறது!

தூண்டிற்காரர்கள் குற்றமே அற்றவர்கள் என்று சாதிக்க நான் வரவில்லை. விரால், ஆணும் பெண்ணுமாகத் தன் குஞ்சுகளைக் காவல் காக்கிற மீன். செக்கச் செவேலென்று நீர்மட்டத்திலே திரண்டு நகருகிற அந்தக் குஞ்சுக் கூட்டத்தை மலையாளத்தார் 'பார்ப்பு' என்கிறார்கள்; சங்கப் புலவர்கள் இளங்குஞ்சுக்கு வழங்கிய சொல் இந்த எல்லைப்புறத்திலே இன்னும் நாவில் இருப்பது கேட்பதற்கு இன்பமானது. ஆனால் அந்தப் பார்ப்பின் நடுவிலே இரையைத் துள்ளவிட்டால், காக்கிற தாய் சீறிப் பாய்ந்து கடிக்கும் என்பதை அறிந்து, அப்படியே பிடிக்கிறவர்கள் எங்களுக்குள் உண்டு. அது பாவம். தாய் போன மறுகணமே மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்கிவிடும். உயிருள்ள தவளையை முள்ளிலே கோக்கிற வழக்கத்தையும் நான் விட்டுப் பல வருஷங்களாயின; தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-இல் தடுத்த தேசத்தில், வயலின் பூச்சியைத் தின்று நமக்கு உபகாரம் செய்கிற பிராணியை அவ்விதம் வதைப்பது தகாது. பிள்ளைப்பூச்சி போதும், அதுவும் அகப்படாவிட்டால் கடையிலே விற்கிற ரப்பர்த் தவளை போதும்.

ரப்பர்த் தவளையும் சுழல் உருளையும் வந்துவிட்ட பிறகு கைப்பழக்கம் எதற்கு என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ரப்பருக்கு மணமில்லை, ருசியில்லை, உயிருமில்லை. விரால் அதைக் கடிக்கிறதென்றால் அதற்குள்ள ஒரே காரணம் கை அதற்குக் கொடுக்கிற நடை. விலையுயர்ந்த கழியோடு வந்து, எறிந்ததும் ஒரே வேகத்தில் உருளையைச் சுற்றி இழுத்துவிட்டு 'இந்தப் புழையில் மீனே இல்லை' என்று திரும்புகிறவர்களையும், அதே ரப்பர்த் தவளையை இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தத்து என்று நடத்தி அதே பாசியிலிருந்து விராலை எடுக்கிறவர்களையும் ஒரே மாலையில் பார்த்திருக்கிறேன். ஜிலேபிக் கெண்டையைத் தவிர இப்போது வேறென்ன மிஞ்சியிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கும் இதுவே பதில்; 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் இங்கே பெருகிக் கிடப்பது மெய், ஆனால் கயத்துக்குக் கயம் அலைந்து விரலால் கேட்டுப் பார்க்காதவர்கள் மற்ற மீன் இல்லையென்று எதைக்கொண்டு முடிவு செய்தார்கள்?

இன்னும் என் கட்சியை ஒப்பாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குனியில் நீர் வடிந்து கயங்கள் தனித்தனியாகத் தெளிந்த பிறகு, ஏதாவது ஒரு சாயங்காலம் தடுப்பணைக்குக் கீழே, பனைகள் வரிசையாக நிற்கிற கரைக்கு வரட்டும். மீன் பிடிக்கவேண்டியதில்லை, முள்ளையே நான் கழற்றிவிடுகிறேன். அப்புச்சியின் சிரட்டை என்னிடம் இருக்கிறது. அந்த நூலை ஆட்காட்டி விரலின் மேல் படியவிட்டு, ஈயத்தை ஒரு சாண் தூக்கி, கையோடு கூட இறக்கி, இருட்டு விழுவதற்குள் எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும்: இப்போது கீழே இருப்பது கல்லா, மணலா, சேறா, பாசியா?